விளங்கவில்லை என்று சொல்லப் பழகுங்கள்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஓர் ஆங்கில வழிகாட்டி

ரொறன்ரோவுக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் புதிதாக வந்து, ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தும் வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலம் அறவே தெரியாதவர்களுக்கும் இதில் பயன் இருக்கும், ஆனால் என் மனதில் இருப்பது முதற் சொன்ன ஆட்கள்தான், நம்மவரில் அவர்கள்தான் அதிகம். ஓ.எல். வரைக்கும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்திருக்கும், பந்தி வாசித்து விடை எழுதியிருப்பார்கள், கட்டுரைகூடப் பாடமாக்கியிருப்பார்கள், ஆனால் ஒரு மனிதரோடு நின்று ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் கதைத்திருக்க மாட்டார்கள். இங்கே வந்ததும் கடையில் நிற்கிற பிள்ளை ஏதோ கேட்கும், "யெஸ் யெஸ்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அது என்ன கேட்டது என்று யோசிப்பார்கள்.

முதலில் இலக்கணம் சரிவரவேண்டும், பிறகு சொற்கள் சேரவேண்டும், அதோடு துணிவு தானாக வரும், அதற்குப் பிறகு கதைக்கலாம் என்பது அநேகமானவர்களின் கணக்கு. அந்த வரிசையில் காத்திருந்து, முப்பது வருடம் கனடாவில் இருந்தும் வங்கிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. எதிரே நிற்பவர் சொன்னது விளங்காமல் போனால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாததுதான் பயத்தின் வேர். அதற்கு ஒரு வழி கைவசம் இருந்தால் அரைகுறை ஆங்கிலத்தோடு எங்கேயும் போய் வரலாம். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் வேலை: விளங்காதபோது சொல்லச் சில வசனங்கள்

வகுப்பில் சேர முன்னரே, இன்றைக்கே இதைச் செய்யலாம். கீழே இருப்பவற்றைப் பாடமாக்குங்கள், மனதுக்குள் அல்ல, எழுந்து நின்று சத்தமாக, நாக்கு தடக்காமல் வரும்வரை.

"ஸொறி, குட் யூ சே தற் அகெய்ன்?" என்பது திரும்பச் சொல்லச் சொல்வது. "குட் யூ ஸ்பீக் எ லிற்றில் ஸ்லோவர்?" என்றால் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லுங்கள் என்று கேட்பது. "குட் யூ ரைற் இற் டவுன் ஃபோர் மீ?" என்பது எழுதித் தரச் சொல்வது, மருந்துக்கடையிலும் மருத்துவரின் அலுவலகத்திலும் இது பெரிய உதவி, வீட்டுக்கு வந்து ஆறுதலாக வாசிக்கலாம். வெறுமனே "வற்?" என்று கேட்காதீர்கள், அது இங்கே கொஞ்சம் முறைப்பாகக் கேட்கும்.

ஆனால் "ஐ டோன்ற் அண்டர்ஸ்ராண்ட்" என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? அவர் அதே வசனத்தை, அதே வேகத்தில், இன்னும் சத்தமாகச் சொல்வார். உங்களுக்கு எந்த இடம் தவறியது என்று அவருக்குத் தெரியாது. அதனால் விளங்கிய பகுதியை நீங்கள் திருப்பிச் சொல்லி, விளங்காத இடத்தை மட்டும் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை என்பது காதில் விழுந்தது, நேரம் விழவில்லை என்றால் "ரியூஸ்டே, அற் வற் ரைம்?" போதும். இலக்கணப்படி அது முழு வசனம் இல்லைதான், ஒருவரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். அவர் உடனே நேரத்தை மட்டும் தெளிவாகச் சொல்வார்.

கடைசியாக ஒன்று, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெறுமதியானது: "ஸோ, ரியூஸ்டே அற் ரென், றைற்?" கேட்டது சரியா என்று உங்கள் வாயால் சொல்லி உறுதிப்படுத்துவது. இதைச் செய்கிறவரைப் பார்த்து இவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைப்பதில்லை, கவனமான ஆள் என்றுதான் நினைப்பார்கள். இங்கே பிறந்தவர்களும் வேலைத்தலத்தில் இப்படித்தான் உறுதிப்படுத்துவார்கள்.

இந்த இடத்தில் "யெஸ் யெஸ்" பழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மரியாதைக்காகவும் வெட்கத்துக்காகவும் விளங்காமலே ஆமோதிப்பது நம்மிடம் ஊறிப்போனது. கடையில் என்றால் தேவையில்லாத ஒரு பொருளோடு போய்விடும், தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று மேற்பார்வையாளர் சொன்னதற்கு அப்படித் தலையாட்டினால் விரல் போகலாம். அதோடு நாம் பக்கவாட்டில் ஆட்டும் தலையாட்டு இங்கே சிலருக்கு "இல்லை" போலத் தெரியும், சிலருக்கு "பார்க்கலாம்" போலத் தெரியும். வாயால் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். "ஸொறி, மை இங்கிலிஷ் இஸ் பாட்" என்று தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக "ஐ ஆம் லேர்னிங் இங்கிலிஷ்" என்று சொல்லிப் பாருங்கள். முதலாவது மன்னிப்புக் கேட்பது, இரண்டாவது தகவல் சொல்வது, கேட்கிறவர் நடந்துகொள்ளும் விதத்திலும் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது: இலவச வகுப்புக்குப் பதிவது

கனடா அரசு 1992இல் தொடங்கிய லிங்க் என்ற ஆங்கில வகுப்புகள் இருக்கின்றன. நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் கட்டணம் இல்லை. அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்களுக்கும், குடியுரிமை எடுத்துவிட்டவர்களுக்கும் லிங்க் கிடையாது, ஆனால் அவர்களும் வீட்டில் இருக்கத் தேவையில்லை: ஒன்ராறியோ மாகாணத்தின் பணத்தில் பள்ளிக்கூடச் சபைகள் நடத்தும் ஈ.எஸ்.எல். வகுப்புகள் இருக்கின்றன. குடியுரிமை எடுத்த பிறகு லிங்க் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது, "வேலை ஒன்று சரிவரட்டும், பிறகு படிப்போம்" என்று வருடங்களைக் கடத்திவிட்டுத் தேடுவார்கள். வந்த முதல் வருடத்திலேயே போங்கள், விதிகளும் அடிக்கடி மாறுகின்றன.

வகுப்பில் நேரே போய் உட்கார முடியாது, முதலில் மொழி மதிப்பீடு ஒன்று செய்யவேண்டும். ரொறன்ரோவில் வை.எம்.சி.ஏ. போன்ற இடங்களில் செய்வார்கள், எங்கே போவது என்று தெரியாவிட்டால் 211க்கு அழையுங்கள், மொழிபெயர்ப்பாளர் உதவியோடு சொல்லுவார்கள். வதிவிட அட்டை அல்லது வந்திறங்கியபோது தந்த கடதாசியைக் கொண்டுபோங்கள். மதிப்பீடு என்றதும் பரீட்சை என்று பயந்து முதல்நாள் இரவு இலக்கணப் புத்தகம் புரட்டாதீர்கள். அதில் தேறுவதும் இல்லை, தவறுவதும் இல்லை. கூடுதலாகக் காட்டி மேல் வகுப்புக்குப் போனால் அங்கே இருந்து முழிக்கப்போவது நீங்கள்தான்.

முடிவை சி.எல்.பி. என்ற அளவுகோலில் சொல்வார்கள், 1 முதல் 12 வரை. கேட்டல், கதைத்தல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தனித்தனி இலக்கம். நம்மவருக்கு வாசிப்பு 5, கதைத்தல் 3 என்று வருவது சாதாரணம், அதைப் பார்த்து மனம் தளரவேண்டாம், பள்ளிக்கூடத்தில் எதைப் பழக்கினார்களோ அது வளர்ந்திருக்கிறது, பழக்காதது வளரவில்லை. குடியுரிமைக்கு 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் கேட்டலிலும் கதைத்தலிலும் 4 எடுத்திருக்கவேண்டும். லிங்க் வகுப்பில் அந்த நிலையை முடித்ததற்குத் தரும் சான்றிதழே அதற்குப் போதும், வேறு பணம் கட்டிச் சோதனை எழுதத் தேவையில்லை. அந்தக் கடதாசியைப் பத்திரமாக வையுங்கள். 55 வயதைத் தாண்டிய அம்மா அப்பாவுக்கு இந்த நிபந்தனை இல்லை, அதைச் சொல்லி அவர்களைப் பயமுறுத்துகிறவர்களை நம்பவேண்டாம்.

சில இடங்களில் வகுப்பு நடக்கும் கட்டடத்திலேயே சின்னப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வசதி உண்டு, பதியும்போதே கேளுங்கள், இடம் கெதியாக நிரம்பிவிடும். மாலை வகுப்பும் இணைய வகுப்பும் இருக்கின்றன. இயலுமென்றால் நேரே போகும் வகுப்பை எடுங்கள், கணினித் திரையில் ஒலிவாங்கியை மூடிவிட்டு ஒளிந்திருப்பது மிகவும் சுலபம்.

வகுப்புக்குப் போனால் எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். ஸ்காபரோவில் அநேகமாக எந்த வகுப்பிலும் தமிழர் இருப்பார்கள். முதல்நாள் அவர்களைக் கண்டது ஆறுதலாகத்தான் இருக்கும், இடைவேளையில் தேத்தண்ணியோடு கதையுங்கள், ஆனால் பாடம் நடக்கும்போது ஒரு சீனப் பெண்மணிக்கோ ஆப்கானியருக்கோ பக்கத்தில் போய் இருங்கள். இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்த உடைந்த ஆங்கிலம் மட்டும்தான், வேறு வழியில்லாமல் அதில் கதைப்பீர்கள். அவருக்கும் உங்களைப் போலவே கூச்சம், அதனால் யாரும் யாரையும் அளவெடுப்பதில்லை.

மூன்றாவது: காதைத் தயார்செய்வது

ஊரில் நாம் படித்தது பிரித்தானியர் வழி வந்த ஆங்கிலம். இங்கே காதில் விழுவது வேறு. "வோற்றர்" என்று படித்த தண்ணீர் இங்கே "வாடர்" ஆகிவிடும், "பாடம்" என்று சொல்லும்போது வருகிற அந்த மெல்லிய டகரம்தான். "லிற்றில்" என்பது "லிடில்", "ஃபோர்ற்றி" என்பது "ஃபோர்டி", "ருவென்ரி" என்பது "ருவெனி". இதைத் தெரிந்துகொண்டாலே, தெரியாத சொல் என்று நினைத்தவற்றில் பாதி தெரிந்த சொல்லாக மாறிவிடும்.

பதின்மூன்றா முப்பதா என்ற குழப்பம் பணத்திலும் நேரத்திலும் கொண்டுபோய் மாட்டும். பின்பகுதியை அழுத்தி இழுத்தால் பதின்மூன்று, முன்பகுதியை அழுத்தி முடிவைச் சட்டென்று விட்டால் முப்பது. சந்தேகம் வந்தால் "வன் த்ரீ, ஓர் த்ரீ ஸீரோ?" என்று இலக்கமாகக் கேளுங்கள், அதுதான் பத்திரமான வழி.

அதைவிட ஆபத்தானது "கான்" என்பதும் "கான்ற்" என்பதும். முடியாது என்பதன் கடைசி ஒலியை இங்கே பலர் விழுங்கிவிடுவார்கள், அதை எதிர்பார்த்துக் காத்திருந்தால் முடியாது என்றது முடியும் என்று கேட்கும். அழுத்தத்தைக் கவனியுங்கள். முடியும் என்றால் அந்தச் சொல் "க்ன்" என்று குறுகிப்போய், அடுத்து வரும் வினைச்சொல் பலமாகக் கேட்கும். முடியாது என்றால் "கான்" என்பதே நீண்டு பலமாகக் கேட்கும். வேலைக்கு வரச்சொல்லும் நாளைப் பற்றிய தொலைபேசியில் இது பிழைத்தால் நாள் பிழைத்துவிடும், அதனால் அங்கேயும் அந்த உறுதிப்படுத்தும் வசனம்: "ஸோ, ஐ கம் ருமோறோ, யெஸ் ஓர் நோ?"

காதுக்குப் பயிற்சி என்றதும் எல்லோரும் படம் பார்க்கச் சொல்வார்கள். படம் நல்லதுதான், ஆனால் தொடக்கத்தில் அது கடினம், எந்த வசனம் வரும் என்று ஊகிக்க முடியாது. நான் சொல்வது 680 ஏ.எம். செய்தி வானொலி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போக்குவரத்தும் காலநிலையும் சொல்வார்கள், நாள் முழுக்க, வருடம் முழுக்க. அதே ஐம்பது அறுபது சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும்: 401 நெடுஞ்சாலை, மேற்கு நோக்கி, வலப்பக்கப் பாதை அடைப்பு, பழுதாகி நிற்கும் வாகனம், டொன் வலி பார்க்வேயில் நெரிசல், கார்டினரில் விபத்து. இடப்பெயர்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் இடையில் இருக்கும் சொற்கள் தானாக விளங்கத் தொடங்கும். அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போவார், முதல் கிழமை ஒன்றும் பிடிபடாது, விடாமல் சமைக்கும்போது ஓடவிடுங்கள். அந்த வேகத்துக்குக் காது பழகினால் வங்கியில் இருக்கிற பெண் கதைப்பது மெதுவாகக் கேட்கும்.

நான்காவது: சின்னச் சின்ன அலுவல்கள்

இனி வெளியே போவோம். முதலில், தோற்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாத இடங்கள்.

ரிம் ஹோர்ட்டன்ஸ் அதற்கென்றே கட்டியது போன்ற இடம். காலை ஏழு மணிக்குப் போகாதீர்கள், பின்னால் வரிசை நிற்கும், பதற்றம் வரும். பின்னேரம் இரண்டு மூன்று மணிக்குப் போங்கள். "கிவ் மீ கோஃபி" என்று கேட்டால் கிடைக்கும், ஆனால் அதட்டுவது போல இருக்கும், "கான் ஐ கெற் எ மீடியம் டபிள் டபிள்?" என்று கேளுங்கள். டபிள் டபிள் என்றால் இரண்டு கிறீம், இரண்டு சீனி. அவர் "எனிதிங் எல்ஸ்?" என்பார், "தற்ஸ் இற், தாங்க் யூ" என்று முடியுங்கள். "ஃபோர் ஹியர் ஓர் ரு கோ?" என்றும் வரலாம், அங்கேயே குடிப்பதா கொண்டுபோவதா என்று. அவ்வளவுதான் அங்கே நடக்கும் முழு உரையாடலும். கவுண்டரில் நிற்பது தமிழ்ப்பிள்ளையாக இருக்கவும் நிறையச் சந்தர்ப்பம் உண்டு, இருந்தாலும் ஆங்கிலத்திலேயே கேளுங்கள், பிள்ளை ஒன்றும் நினைக்காது.

"ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் நாரி நோவையும் ஊரில் நடந்த மரணத்தையும் சொல்லத் தொடங்கவேண்டாம். "குட், ஹவ் ஆர் யூ?" என்றுவிட்டு அலுவலைப் பாருங்கள். பதிலுக்குக் காத்திருக்காமலே நடந்துபோகிறவர்களும் உண்டு, அது அவமதிப்பு இல்லை.

அடுத்தது நூலகம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள், நகரத்தில் வசிப்பவர்களுக்கு அட்டை இலவசம், பல கிளைகளில் தமிழ்ப் புத்தகமும் இருக்கும். அதைவிட நமக்கு வேண்டியது அங்கே நடக்கும் ஆங்கில உரையாடல் வட்டம். வட்டமாக இருந்து காலநிலை, சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று சும்மா கதைப்பது, நடத்துபவர் ஒருவர் இருப்பார், புள்ளி இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, உங்கள் வதிவிட நிலையும் யாருக்கும் தேவையில்லை. மாணவராகவும் தற்காலிக வேலை அனுமதியிலும் வந்து லிங்க் கிடைக்காதவர்களுக்கு இதுதான் நல்ல வாசல். சின்னப்பிள்ளை இருந்தால் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நேரத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளைக்கு என்று சொல்லிக்கொண்டு நீங்களும் படிக்கலாம். ஆங்கிலத்தின் ஏற்ற இறக்கம் அந்தப் பாட்டுகளில்தான் வடிவாக விளங்கும்.

வேலைத்தலத்தில் இடைவேளைப் பேச்சுக்கு மூன்று விஷயம் கைவசம் இருந்தால் போதும்: குளிர், வார இறுதி, விளையாட்டு. மேபிள் லீஃப்ஸ் ஹொக்கி அணி 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றதே இல்லை, அதைப் பற்றி ஒரு பகிடி விட்டால் எந்தக் கனேடியரும் சிரித்துக்கொண்டு கதைக்கத் தொடங்குவார். நீங்கள் கனக்கக் கதைக்கத் தேவையில்லை, அவரே மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஐந்தாவது: வாயைப் பற்றிக் கொஞ்சம்

உச்சரிப்பை மாற்றவேண்டுமா என்று பலர் கேட்பார்கள். தேவையில்லை. 2021 கணக்கெடுப்பின்படி ரொறன்ரோப் பெரும்பாகத்தில் 46 வீதத்துக்கு மேலானவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள், இந்த நகரத்தின் காது எல்லா உச்சரிப்புக்கும் பழகியது. மூக்கால் கதைத்து வெள்ளைக்காரர் போல நடிப்பது கேட்கிறவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். ஆனால் இரண்டு மூன்று இடங்களைத் திருத்தினால் மற்றவருக்கு உடனே விளங்கும். ஃப என்ற ஒலிக்கு மேற்பல்லைக் கீழுதட்டில் தொட்டுக் காற்றை விடவேண்டும், இல்லாவிட்டால் நம்முடைய கோப்பி அவர்களுக்குப் பிரதி எடுப்பதாகக் கேட்கும். சொல்லின் முடிவில் நாம் சேர்க்கும் உகரத்தை விடுங்கள், "பஸ்ஸு", "பாங்க்கு" வேண்டாம். பிறகு அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்கிறோம், ஆங்கிலத்தில் ஒரு அசை தூக்கலாக நிற்கும். அதை மாற்றிச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருந்தாலும் எதிரே நிற்பவர் விழிப்பார். புதுச்சொல் படிக்கும்போது எழுத்தை மட்டும் பார்க்காமல், கைபேசி அகராதியில் ஒலியைத் தட்டிக் கேட்டு எந்த இடம் தூக்கலாக வருகிறது என்று பாருங்கள்.

ஆறாவது: தொலைபேசி

நேரில் நன்றாகக் கதைக்கிறவர்களும் போன் அடித்தால் பக்கத்து அறைக்குப் போய்விடுவார்கள். முகம் தெரியாது, கை காட்ட முடியாது, காரணம் சரிதான். அதனால் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் தவிர்க்க முடியாது, இந்த நாட்டில் பாதி அலுவல் போனில்தான்.

அழைக்க முன்னர் ஒரு கடதாசியில் எழுதுங்கள்: முதல் வசனம் என்ன, என்ன வேண்டும், அவர்கள் என்ன கேட்கலாம். பெயர், பிறந்த திகதி, விலாசம், தபால் குறியீடு எப்படியும் கேட்பார்கள். நம்முடைய பெயர்கள் நீளம், எழுத்தெழுத்தாகச் சொல்லப் பழகவேண்டும். போனில் எம் என்பதும் என் என்பதும் ஒன்றாகக் கேட்கும், பி, டி, வி எல்லாம் ஒன்றாகக் கேட்கும், அதனால் "எம் அஸ் இன் மேரி, என் அஸ் இன் நான்சி, வி அஸ் இன் விக்ரர்" என்று சொல்லுங்கள். உங்கள் பெயரில் வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லை இப்போதே தெரிந்து எழுதி வையுங்கள். ஸ்காபரோவின் தபால் குறியீடுகள் எம் 1 என்றுதான் தொடங்கும், அந்த மேரி உங்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படுவார். திகதியைச் சொல்லும்போது மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள், இலக்கமாகச் சொன்னால் மூன்றாம் மாதம் ஐந்தாம் திகதியா, ஐந்தாம் மாதம் மூன்றாம் திகதியா என்று இங்கே ஆளுக்கு ஆள் மாறும். லாஸ்ற் நேம் என்று கேட்டால் அட்டையில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், அது அப்பாவின் பெயர்தான் என்று விளக்கப் போகாதீர்கள்.

முதல் பயிற்சிக்கு நூலகத்துக்கு அழைத்து எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேளுங்கள். இணையத்தில் அந்த விடையை முன்பே பார்த்து வைத்திருந்தால் இன்னும் நல்லது, என்ன பதில் வரும் என்று தெரிந்து கேட்கும்போது காது பதறாது. பிறகு குப்பை எடுக்கும் நாளைக் கேட்க நகரசபையின் 311. அதற்குப் பிறகு பல் மருத்துவரிடம் நேரம் எடுப்பது.

நம்மவர் சிரிப்பது பற்றி

வெளிப்படையாகச் சொல்லுகிறேன், வெள்ளைக்காரருக்கு முன்னால் பிழைவிட நம்மவர் அவ்வளவு பயப்படுவதில்லை. பக்கத்தில் இன்னொரு தமிழர் நின்றால்தான் வாய் கட்டிப்போகும். முன்னுக்கு வந்தவர் பின்னுக்கு வந்தவரின் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பது, கலியாண வீட்டில் அதை நடித்துக் காட்டுவது, இதெல்லாம் நடக்கிறதுதான். அவரும் முதல் வருடம் இப்படித்தான் கதைத்திருப்பார், அதை நடித்துக் காட்ட அப்போது ஆள் இருக்கவில்லை. தனியாகப் போய்ப் பழகுங்கள். கடைக்கோ அலுவலகத்துக்கோ போகும்போது "நான் கதைக்கிறேன், நீ சும்மா இரு" என்கிற சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவருடைய ஆங்கிலம்தான் நாளுக்கு நாள் வளரும்.

வேலையும் அப்படித்தான். ஏஜென்சி மூலம் தமிழர் மட்டும் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போனால், மேற்பார்வையாளரும் தமிழர் என்றால், பத்து வருடம் கழித்தும் ஆங்கிலம் அதே இடத்தில்தான் நிற்கும். சம்பளத்துக்காக அந்த வேலையை எடுக்கவேண்டி வரும், அதைக் குறை சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பிலிப்பைன்ஸ்காரர் இருக்கும் மேசையில் கிழமைக்கு ஒருநாளாவது போய் இருங்கள்.

பிள்ளைகள் திருத்துவார்கள், சில வேளை முகத்தைச் சுளித்துக்கொண்டு திருத்துவார்கள். நீங்கள் கேட்டால் மட்டும் திருத்தச் சொல்லி ஒரு ஒழுங்கு வையுங்கள். ஆங்கிலம் பழகுவதற்காகப் பிள்ளையோடு வீட்டில் ஆங்கிலத்தில் கதைக்கும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். பிள்ளைக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும், தமிழ் உங்களிடம் மட்டும்தான் கிடைக்கும், வீட்டில் தமிழிலேயே கதையுங்கள்.

வாகன அனுமதிப்பத்திரத்தை ஒரு பயிற்சியாக எடுப்பது

ஒன்ராறியோவில் ஜி 1 என்ற முதற்படி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துச் சோதனையைத் தமிழிலேயே எழுதலாம். 40 கேள்விகள், விதிகள் 20, அடையாளங்கள் 20, இரண்டிலும் 16 எடுக்கவேண்டும். ஆனால் வீதியில் ஓட்டிக்காட்டும் சோதனைக்கு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. நம்மவர் பலர் தமிழ்ப் பயிற்றுநரிடம் தமிழில் ஓடப் பழகி, சோதனையன்று பரிசோதகர் "புல் ஓவர்" என்று சொல்ல, என்ன என்று யோசித்துக்கொண்டே அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். கடைசி நாலைந்து வகுப்பில் கட்டளைகளை ஆங்கிலத்தில் மட்டும் சொல்லும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். அடுத்த சமிக்ஞையில் இடப்பக்கம் திரும்பு, பாதை மாற்று, ஓரமாக நிறுத்து, பின்னுக்கு வந்து இரண்டு வாகனத்துக்கு இடையில் நிறுத்து, இவ்வளவுதான் வரும், எல்லாம் சேர்த்து இருபது வசனம் தேறாது. இருபது வசனத்தோடு ஒரு பெரிய அலுவலை ஆங்கிலத்தில் முடித்தேன் என்ற நினைப்பு, அனுமதிப்பத்திரத்தைவிட நீண்ட நாளைக்கு உதவும்.

தனியாக ஆங்கிலத்தில் சமாளிக்கக்கூடாத இடங்கள்

இவ்வளவு துணிவு சொன்ன பிறகு இதையும் சொல்லவேண்டும். சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிடுவது, பொலிஸ் விசாரணை, நீதிமன்றம், அகதி விசாரணை, வீட்டு ஒப்பந்தம், இந்த இடங்களில் அரைகுறையாக விளங்கினால் போதாது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு தருகிற உரிமை, யாரும் செய்யும் தயவு இல்லை. அகதி விசாரணைக்கும் அதை நடத்துகிற குடிவரவு அகதிகள் சபையே மொழிபெயர்ப்பாளரைச் செலவில்லாமல் ஏற்பாடு செய்யும். அங்கே நான் ஆங்கிலத்தில் சமாளிப்பேன் என்று காட்டுவதில் ஒரு இலாபமும் இல்லை, ஒரு சொல் மாறினால் வழக்கு மாறும்.

மருத்துவமனையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வைத்து அம்மாவின் கர்ப்பப்பைப் பிரச்சினையைச் சொல்ல வைப்பது பிள்ளைக்கும் பாரம், தகவலும் பிழைத்துவிடும். நேரம் எடுக்கும்போதே "ஐ நீட் எ ரமில் இன்ரெர்ப்றிற்றர்" என்று சொல்லிவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் ஆள் கிடைக்காமல் போகலாம். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல், என்ன செய்வது என்று தாதியிடம் கேட்க 811, அங்கேயும் மொழிபெயர்ப்பு உண்டு. உயிராபத்து என்றால் 911. எடுத்தவுடன் பொலிஸா, தீயணைப்பா, அம்புலன்ஸா என்று கேட்பார்கள், அந்த மூன்றில் ஒரு சொல்லைச் சொல்லி, அடுத்து விலாசத்தைச் சொல்லி, பிறகு "ரமில்" என்று மொழியின் பெயரைச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள், பதற்றத்தில் சொந்த வீட்டு இலக்கமே வாயில் வராது.